ஏழு மாதம் வண்டி ஓட்டியவனுக்கு இப்போது எழுந்திருக்கவே முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 33. அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவராக இருந்தவர். பெங்களூரில் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஏப்ரலில் பைக்கில் கிளம்பினேன். நேபாளம், திபெத், சீனா தாண்டி, கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தானின் பாமிர் சாலை, உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா வழியாக அக்டோபரில் ஜார்ஜியா வந்து சேர்ந்தேன். திபிலிசியில் இரண்டு நாள் தங்குவதாகத்தான் திட்டம். ஐந்து வாரம் ஆகிவிட்டது, ஹாஸ்டலை விட்டு நகர முடியவில்லை. பகலெல்லாம் படுக்கை, இரவெல்லாம் போன். வண்டியின் பக்கவாட்டில் மாட்டிய பேனியர் பெட்டியைத் திறந்து துணி எடுப்பதே மலைப்பாக இருக்கிறது. பாமிரில் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் தனியாகப் பஞ்சர் ஒட்டியவன் நான்.

ஐரோப்பா போய் அங்கிருந்து ஆப்பிரிக்கா இறங்க நினைத்தேன். ஷெங்கன் விசாவுக்கு இந்தியாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். சேனலில் வீடியோ போட்டு ஒரு மாதம் ஆகிறது. நண்பர்கள் "உனக்கென்னப்பா, வாழ்றே" என்கிறார்கள். தாய்மாமா, "ஊர் சுத்துறது ஒரு வியாதி, அப்பன் போனதும் இவனுக்கு முத்திப்போச்சு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். (அப்பா போன வருடம் காலமானார், அது வேறு விஷயம். முதல் வருடத் திதியைப் போன மாதம் தம்பி கொடுத்துவிட்டான்.) ஒருநாள் மலைச்சாலையில் வரும்போது, இப்படியே எல்லாம் முடிந்துபோனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. போன வாரம் இங்கே மருத்துவம் படிக்கும் ஒரு மதுரைப் பையன் அறையில் ரசம் சாதம் சாப்பிட்டபோது அழுதுவிட்டேன்.

இது டிப்ரஷனா, வெறும் அலுப்பா? திரும்பி வந்தால் தோற்றதாக ஆகாதா? ஹைன்ஸ் ஸ்டூக்கே சைக்கிளில் ஐம்பது வருடம் சுற்றினார், எனக்கு ஏழு மாதம் முடியவில்லையே. ஹாஸ்டலில் ஒரு பயணி தூக்கத்துக்கு அல்பிரசோலம் கொடுத்தார், அதைத் தொடரலாமா? ஆப்பிரிக்கா போனால் மலேரியா மாத்திரை வேறு சாப்பிட வேண்டுமே, இந்த மனநிலையில் அது ஒத்துக்கொள்ளுமா?

பதில்:

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக ஒரு பதில் அனுப்பினேன். இந்தப் பகுதியில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாத ஒன்று அதில் இருந்தது. மீதியை வெளியிட நீங்கள் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த ஒன்றை முதலில் பேசிவிடுவோம். கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டீர்கள். "முடிந்துபோனால் பரவாயில்லை" என்ற நினைப்பு, சாக வேண்டும் என்ற முடிவு அல்ல. மிகவும் களைத்துப்போன நிறைய பேருக்கு வருகிற நினைப்புதான். ஆனால் மலைச்சாலையில் தனியாக வண்டி ஓட்டும் ஒருவருக்கு அது வரும்போது நான் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதனால் வண்டிச் சாவியை ஹாஸ்டல் மேனேஜரிடமோ அந்த மதுரைப் பையனிடமோ கொடுத்துவிடுங்கள். ஒரு மனநல மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வண்டி எடுக்க வேண்டாம். நினைப்பு திரும்ப வந்தால், அதிலும் எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தால், தனியாக இருக்காதீர்கள். யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 112-க்கு அழையுங்கள். ஜார்ஜியாவில் அவசர உதவிக்கு அதுதான் எண். உங்கள் தம்பிக்கும் இது தெரிய வேண்டும். அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நீங்களும் அவரும் பேசி முடிவு செய்யுங்கள். தம்பியிடம் மட்டும் மறைக்க வேண்டாம்.

சரி, டிப்ரஷனா அலுப்பா என்ற கேள்விக்கு வருவோம்.

நீண்ட பயணத்தில் இருப்பவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. மலையும் கோட்டையும் மசூதியும் மட்டும்தான் சலித்துப்போனதா, இல்லை எல்லாமே சலித்துப்போனதா? சமர்கண்டின் ரெஜிஸ்தான் சதுக்கத்தில் நின்றுகொண்டு "சரி, இன்னொரு நீலக் கும்மட்டம்" என்று நினைத்தால் அது தெவிட்டல். விருந்துச் சாப்பாட்டை மூன்று வேளையும் ஏழு மாதம் சாப்பிட்டால் யாருக்கும் வருவதுதான். கொஞ்ச நாள் ஒரே இடத்தில் சும்மா இருந்தால் போய்விடும். ஆனால் பிடித்த பாட்டு, நண்பனின் அழைப்பு, நல்ல சாப்பாடு, குளியல் என்று பயணத்தோடு சம்பந்தமே இல்லாதவையும் வெறுமையாகிவிட்டால், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே இருந்தால், அதை நாங்கள் மனச்சோர்வு நோய் என்ற கோணத்தில்தான் பார்ப்போம். நீங்கள் சொல்வது ஐந்து வாரம். தூக்கம் தலைகீழாகியிருக்கிறது, சின்ன வேலையும் மலைப்பாக இருக்கிறது, "முடிந்தால் பரவாயில்லை" என்ற நினைப்பு வேறு. ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது வைத்தியம் ஆகாது, ஜோசியம்தான் ஆகும். ஆனாலும் நேரில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை இது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து அதை நிரப்புங்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் அதையே காட்டுங்கள். சாவு நினைப்பைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் காட்டுங்கள்.

ரசம் சாப்பிட்டு அழுததை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். முழுக்க மரத்துப்போனவருக்கு அழுகை வராது.

பாமிரில் கராகுல் ஏரி, முர்காப் பக்கம் தூக்கமே இல்லை, அப்போதே ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று பின்னிணைப்பில் எழுதியிருந்தீர்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே படுக்கிற இடமே 3,600 மீட்டருக்கு மேல். அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். அந்த உயரத்தில் தூங்கும்போது மூச்சு வேகமாகி, குறைந்து, சில நொடி நின்று, திடுக்கென்று விழிப்பு வருவது ஆரோக்கியமானவருக்கும் நடக்கும். இறங்கியதும் சரியாகிவிடும். உங்களுக்கும் தாஷ்கண்டில் நன்றாகத் தூக்கம் வந்ததாக நீங்களே சொல்கிறீர்கள்.

அப்படியானால் பாமிரில் விழாதவர் திபிலிசியில் ஏன் விழுந்தார்? உங்களுக்கு இது புதிராக இருக்கிறது. எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. கஷ்டமான ரோட்டில் யாரும் உடைவதில்லை. உடைய நேரம் கிடைக்காது. தண்ணீர் எங்கே, பெட்ரோல் எங்கே, இருட்டுவதற்குள் எங்கே படுப்பது, இந்த நாய் கடிக்குமா, இந்த ஆள் நல்லவனா, அடுத்த பார்டரில் என்ன கேட்பார்கள் என்று மூளை விடியலிலிருந்து காவல் காத்துக்கொண்டே இருக்கும். சொந்த ஊரில் இந்தக் கேள்வி எதையும் நாம் கேட்டுக்கொள்வதில்லை. பல் தேய்க்கிற இடம் எது என்று யோசிக்காமலேயே பல் தேய்க்கிறோம். ஏழு மாதம் அந்தக் காவலை இறக்கி வைக்காதவர், பாதுகாப்பான, சூடான, வைஃபை உள்ள ஊருக்கு வந்து சேர்ந்ததும் உடம்பும் மனசும் ஒரேயடியாகக் கணக்கைத் தீர்க்கின்றன. பரீட்சை முடிந்த மறுநாள் காய்ச்சல் வரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் அப்பாவின் தொழிலை இங்கே கொண்டு வருகிறேன். அவரும் மாதக்கணக்கில் ரோட்டில் இருந்தவர்தான். ஆனால் அவருக்கு ஒரு லோடு இருந்தது. எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்பதை புக்கிங் ஆபீஸ் முடிவு செய்தது. கூட கிளீனரோ இரண்டாவது டிரைவரோ இருந்திருப்பார். வழக்கமான ஹால்ட், வழக்கமான தாபா, பார்த்தால் கை காட்டும் நாமக்கல் வண்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே ரிட்டர்ன் லோடு. போனவர் வருவார் என்பது தொழிலுக்குள்ளேயே எழுதியிருந்தது. லாரித் தொழிலை நான் அழகுபடுத்தவில்லை. தூக்கமின்மை, குடி, முதுகுவலி, பிள்ளைகள் வளர்வதைப் பார்க்காத ஏக்கம் எல்லாம் அந்தக் குடும்பத்தில் வளர்ந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது, அவரைத் தாங்கிப் பிடித்த இந்தச் சட்டம் எதுவும் உங்கள் பயணத்தில் இல்லை என்பதுதான். சுதந்திரம் என்று நீங்கள் எதைத் தேடிப் போனீர்களோ, அதற்கு மறுபக்கம் இது: ஒவ்வொரு காலையும் எல்லாவற்றையும் நீங்களே முதலிலிருந்து தீர்மானிக்க வேண்டும்.

அதோடு பாஸ்போர்ட். இதைப் பற்றி ஐரோப்பியப் பயணிகள் எழுதும் ஆலோசனைகளில் ஒரு வார்த்தை இருக்காது, அவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஜெர்மன்காரர் திபிலிசியில் சோர்ந்து உட்கார்ந்தால், தேறியதும் அப்படியே துருக்கிக்குள் ஓட்டிப் போய்விடுவார். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் விசா எதுவும் இல்லையென்றால் துருக்கிக்கு இ-விசாகூடக் கிடையாது. ஷெங்கனுக்குப் பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். ஆக உங்களுக்கு முன்னால் உண்மையிலேயே கதவு மூடியிருக்கிறது. இதில் பாதியை "என் மனசு பலவீனம்" என்று நீங்கள் கணக்கெழுதி வைத்திருக்கிறீர்கள். மூடிய கதவின் முன் ஐந்து வாரம் உட்கார்ந்தவருக்கு வரும் சோர்வு பலவீனம் இல்லை.

உடம்பையும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். மத்திய ஆசியாவில் சைவம் என்றால் ரொட்டி, டீ, தக்காளி, வெள்ளரிக்காய். பல மாதம் இப்படியே போனால் பி12 குறையலாம். நம் ஊர்ச் சைவர்களுக்குக் கிளம்பும்போதே அது குறைவாக இருப்பது சகஜம். பி12 குறைவு, ரத்தசோகை, தைராய்டு மூன்றுமே அசதி, மறதி, மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், வைட்டமின் டி-யையும் சேர்த்து. சாப்பாட்டுக்கு ஜார்ஜியா நல்ல ஊர்தான். லோபியோ என்று ராஜ்மா மாதிரி பயறுக் குழம்பு எல்லாக் கடையிலும் கிடைக்கும். சீஸ் ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதீர்கள்.

வெளிச்சம் இன்னொன்று. நவம்பர் கடைசியில் திபிலிசியில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது, ஐந்தரைக்கு இருட்டிவிடுகிறது. டிசம்பரில் பகல் இன்னும் சுருங்கும். நாமக்கல்லில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இவ்வளவு குட்டிப் பகல் பழக்கமே இல்லை. அந்தப் பகலையும் நீங்கள் திரை போட்டுத் தூங்கிக் கழிக்கிறீர்கள் என்றால், மூளைக்குக் காலை என்ற ஒன்றே வருவதில்லை. பனிக்கால இருட்டில் வரும் மனச்சோர்வை அமெரிக்காவில் நார்மன் ரோசந்தாலும் அவர் குழுவினரும் 1984-ல் விவரித்தார்கள். உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பது உதவும். தூங்கினீர்களோ இல்லையோ, எட்டரைக்கு ஷூ போட்டுவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட விஷயம்.

"அப்பா போன வருடம் காலமானார், அது வேறு விஷயம்." இந்த வரியை நான் பலமுறை படித்தேன். தேதிகளை நீங்களே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்பா இறந்தது போன ஐப்பசி. நீங்கள் கிளம்பியது ஏப்ரல், ஆறு மாதம்கூட ஆகவில்லை. முதல் திதி வந்தது போன மாதம். நீங்கள் படுக்கையில் விழுந்ததும் போன மாதம். இறந்த நாள் திரும்பி வரும் வாக்கில் துக்கம் மறுபடி எழுவது எங்கள் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். நாள்காட்டியைப் பார்க்காதவர்களுக்கும் வரும்.

சடங்கில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஒரு சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் வருடம் முழுக்க என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். அப்புறமும் யாராவது வந்து கொண்டே இருப்பார்கள். வந்தவர்கள் எல்லாம் போனவரைப் பற்றியே பேசுவார்கள், ஒரே கதையைத் திரும்பத் திரும்ப. தீபாவளி கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. வருடம் முடிந்ததும் திதி கொடுத்து, சாப்பாடு போட்டு, இனி பிழைப்பைப் பார்க்கலாம் என்று ஊர் அனுமதி கொடுக்கும். அம்மாவும் தம்பியும் அந்த வருடத்தை அப்படித்தான் கடந்திருக்கிறார்கள். நீங்கள் அந்த வருடத்தில் பாதியை அப்பாவை அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத நாடுகளில் கழித்தீர்கள். கிர்கிஸ்தானில் யார் உங்களிடம் "அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டிருப்பார்கள்? லாரி டிரைவரின் மகன் அப்பா போனதும் ஏன் ரோட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலும் ஏதோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு ஆலோசனை சொல்ல உட்காரும் ஒருவரிடம் நேரில் பேச வேண்டியது அது. கிளம்பியது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. பயணம் துக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. இப்போது அது வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: தம்பிக்கு வீடியோ கால் போட்டு, அன்று திதி எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே இன்னும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மாமா சொன்னதை மறந்துவிடுங்கள் என்று எழுதலாம் என நினைத்தேன். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் மருத்துவர்களே அவர் கட்சியில்தான் இருந்தார்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் ஆல்பெர் தாதா என்று ஒரு எரிவாயுக் கம்பெனித் தொழிலாளி. திடீரென்று கிளம்பி நடக்க ஆரம்பித்துவிடுவார். மாஸ்கோ வரைக்கும் போயிருக்கிறார். எப்படிப் போனோம் என்பதே பல சமயம் அவருக்கு நினைவிருக்காது. பிலிப் தீசியே என்ற மருத்துவர் அவரை ஆராய்ந்து 1887-ல் ஆய்வேடு எழுதினார். அதற்குப் பின் கொஞ்ச காலம் "அலையும் நோய்" என்பது பிரான்ஸில் அடிக்கடி கேட்ட பெயர். பிறகு அந்த நோயறிதலே வழக்கொழிந்தது. தாதாவுக்குக் கிளம்பியதே தெரியாது. நீங்கள் விசா ஏற்பாடு செய்து, சீனாவுக்குள் போக வழிகாட்டி பதிவு செய்து, பெட்டி கட்டிக் கிளம்பியவர். மாமாவிடம் வேண்டுமானால் சொல்லுங்கள்: ஊர் சுற்றுவது வியாதி இல்லை, ஊர் சுற்றுகிறவனுக்கும் வியாதி வரும்.

ஸ்டூக்கே பற்றி. அவர் ஜெர்மனியின் ஹோவல்ஹோஃபிலிருந்து 1962-ல் சைக்கிளில் கிளம்பியவர். தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப மனமில்லாமல் சுற்றினார். தன் படங்களையும் சிறு வெளியீடுகளையும் விற்றே செலவைச் சமாளித்தார். வாராவாரம் வீடியோ போட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, ஜெர்மன் பாஸ்போர்ட் வேறு. கடைசியில் அவரும் அதே ஹோவல்ஹோஃபுக்குத்தான் திரும்பி வந்தார். கோடியில் ஒருவருக்கு அமைந்த வாழ்க்கையை அளவுகோலாக வைத்து உங்களை நீங்களே அளந்துகொள்வது நியாயமில்லை.

சேனல் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "உடல்நலம் காரணமாக இடைவெளி" என்று ஒரு வரி போட்டுவிட்டு, கமெண்ட் பகுதியை மூடிவிடுங்கள். கேமராவுக்கு முன் ஏழு மாதம் உற்சாகமாக இருந்ததே ஒரு வேலை. மாலையில் டென்டுக்குள் உட்கார்ந்து, அன்று காலை வாழ்ந்ததை எடிட் செய்து மறுபடி வாழ்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஓய்வு நாள் என்று எதுவும் நீங்கள் எடுத்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று: "என் டிப்ரஷன் கதை" என்று இப்போதைக்கு வீடியோ போட வேண்டாம். தேறிய பிறகு பேசினால் பத்துப் பேருக்கு உதவும். நடுவில் இருக்கும்போது பேசினால், எப்படித் தேற வேண்டும் என்பதைப் பார்வையாளர்கள் தீர்மானிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி, திரும்பி வருவதா வேண்டாமா? இப்போது முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். சோர்ந்த மனம் எடுக்கும் பெரிய முடிவுகள் எல்லாம் "எல்லாவற்றையும் விட்டுவிடு" என்றே முடியும். வண்டியை விற்பது, சேனலை அழிப்பது, "இனிமேல் எங்கேயும் போக மாட்டேன்" என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்வது எதுவும் மூன்று வாரத்துக்கு வேண்டாம். அதற்குள் செய்ய வேண்டியவை சின்னவை. பன்னிரண்டு பேர் படுக்கும் டார்மை விட்டு, மாத வாடகைக்குத் தனி அறை எடுங்கள், முடிந்தால் அந்தப் பையன்கள் இருக்கும் பக்கமாக. திபிலிசியில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ் பேச ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஆங்கிலம் பேசும் மனநல மருத்துவரையும் அவர்கள் கல்லூரி மருத்துவமனை வழியாகக் கண்டுபிடிக்கலாம். தினமும் ஒரே கடையில் டீ, ஒரே நேரத்தில் ஒரு வேளைச் சமையல். தீர்மானிக்க வேண்டியவை குறையக் குறைய மூளை காவலை இறக்கி வைக்கும். தமிழில் ஒரு உளவியல் ஆலோசகரிடம் வீடியோவில் வாராவாரம் பேசலாம். அம்மாவுக்கு மனக்கஷ்டம் அதிகமாக இருந்தால், ஊரிலிருந்தே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

மூன்று வாரத்தில் தேறவில்லை என்றாலோ, மருத்துவர் அதற்கு முன்பே சொன்னாலோ, விமானம் ஏறி வந்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் வந்து சேரும் தூரம்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எத்தனை நாள் வெளியே இருக்கலாம், சுங்கத்தில் அதற்கு என்ன எழுதித்தர வேண்டும் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். கெடு தாண்டினால் அபராதம் என்ற கவலை வீட்டில் வந்து உட்காரும். ஷெங்கனுக்கும் இங்கே வந்துதானே விண்ணப்பிக்க வேண்டும்? "தோற்று வந்தான்" என்று சொல்பவர்களிடம் "விசாவுக்கு வந்தேன்" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.

வந்தால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். முதல் பத்து நாள் வீடே கோலாகலமாக இருக்கும். அப்புறம் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். "எந்த நாடு பிடிச்சுது?", "எவ்வளவு செலவாச்சு?" என்ற இரண்டு கேள்விக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். வீதி சின்னதாகத் தெரியும், பேச்சு அலுக்கும். திரும்பி வருபவர்களுக்கு வரும் இந்தத் தடுமாற்றத்தைச் சமூகவியலாளர்கள் 1960-களிலேயே எழுதியிருக்கிறார்கள். வந்த மூன்றாவது வாரத்தில் மனம் மறுபடி இறங்கினால், "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று பயப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆலோசகரைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மாத்திரைகள். ஹாஸ்டலில் கிடைத்த அல்பிரசோலத்தை இதுவரை ஓரிரு முறைதான் எடுத்தீர்கள் என்றால் இத்தோடு விட்டுவிடுங்கள். தினமும் எடுத்து வந்திருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும் மருந்து அது. ஜார்ஜியாவில் வீட்டுக்கு வீடு ஒயின், சாச்சா சாராயம். அதோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். மருந்துச் சீட்டு இல்லாமல் பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால் பல நாடுகளில் போதைப்பொருள் வழக்கு. வளைகுடா வழியாக ஊர் திரும்பினால் இன்னும் கவனம்: அமீரகத்துக்குள் இந்த வகை மருந்து கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் உங்களுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினால் அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு வகை, பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மலேரியாவுக்கு, மெஃப்ளோகுவின் என்ற பெயரை யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரம் ஒன்று போட்டால் போதும் என்பதால் பயணிகளிடம் ஒரு காலத்தில் அது பிரபலம். பதற்றம், கெட்ட கனவு, மனச்சோர்வு, மனப்பிரமை வரைக்கும் கொண்டுபோகக்கூடியது என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அதன் அட்டையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அதைத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கக் கூடாது. டாக்சிசைக்ளின், அடோவாகுவோன்-புரோகுவானில் என்று மாற்று மருந்துகள் உண்டு. ஆப்பிரிக்கா எப்போது போனாலும், மருந்து எழுதும் மருத்துவரிடம் இந்த ஐந்து வாரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் அந்த ரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு அனுப்புங்கள்.